ஆறு லட்சத்துக்குள் ஒரு குடும்ப எஸ்யூவி: பழைய விட்டாரா பிரெஸ்ஸா டீசலைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

பொள்ளாச்சியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஐந்து பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். மனைவி வால்பாறையில் ஆசிரியர். திங்கட்கிழமை அதிகாலையில் அவரை மேலே கொண்டுபோய் விட்டு வருவதும், வெள்ளிக்கிழமை மாலை போய் அழைத்து வருவதும் என் வேலை. ஒரு வழிக்கு ஏறக்குறைய 64 கிலோமீட்டர். ஆழியாற்றைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். பதின்மூன்று ஆண்டுகளாக இந்தப் பாதையில் உழைத்த எங்கள் சிறிய கார், எஸ்டேட் சாலைக் குழிகளில் அடித்தட்டு உரசாமல் ஒரு வாரம்கூடக் கடந்ததில்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்து வெளியே வருவதற்குள் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகுதான், உயரமான வண்டி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கையில் இருந்தது 6 லட்சம் ரூபாய். கடன் வாங்குவதில்லை என்பதில் வீட்டில் எல்லோரும் உறுதியாக இருந்தோம். அந்தத் தொகைக்கு நாங்கள் தேடிய அளவில் புதிய எஸ்யூவி எதுவும் கிடைக்காது என்பதால், பழைய வண்டிகளைத் தேடத் தொடங்கினோம். மூன்று மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, கோவை, திருப்பூர் எனச் சுற்றிப் பத்தொன்பது வண்டிகளைப் பார்த்து, ஏழு வண்டிகளை ஓட்டிப் பார்த்து, ஒன்றை வாங்கி, இப்போது ஆறு மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதலில், நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். முதல் நான்கு வாரங்களை எந்த மாடல் சிறந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே கழித்துவிட்டேன். பத்தாவது வண்டியைப் பார்த்த பிறகுதான், ஒரே மாடலில் ஒரே ஆண்டில் வந்த இரண்டு பழைய வண்டிகளுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, இரண்டு வெவ்வேறு நிறுவன மாடல்களுக்கு இடையே இருப்பதைவிடப் பெரியது என்பது உறைத்தது. எட்டு வயதான வண்டியை அதை ஓட்டியவரின் கையும் பழக்கமும்தான் உருவாக்கியிருக்கும். எனவே மாடலை ஓரளவு மட்டும் முடிவு செய்துகொண்டு, மீதி நேரத்தை முழுவதும் அந்தந்த வண்டியைச் சோதிப்பதில் செலவிடுவதே சரியான வழி.

ஆனாலும் மாடலைப் பற்றி ஓரளவாவது தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். எங்கள் தொகைக்குள் வந்தவை பெரும்பாலும் 2014 முதல் 2019 வரையிலான வண்டிகள். ரெனோ டஸ்டர் 2012-இல் வந்தது; சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரானது. 4.3 மீட்டர் நீளம், 205 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 475 லிட்டர் டிக்கி என்று இந்த விலைக்கு அது தரும் இடம் வேறு எதிலும் இல்லை. குண்டும் குழியுமான சாலையில் அதன் சஸ்பென்ஷன் போகும் நிதானத்தை ஓட்டிப் பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள். அதன் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினில், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி அதை மாற்றியாக வேண்டும். மாற்றியதற்கான பில் இல்லாத டஸ்டரின் விலையிலிருந்து அந்தச் செலவை அப்படியே கழித்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். இந்தியாவில் டஸ்டரின் டீசல் விற்பனை 2020-இலும், அந்தத் தலைமுறையின் பெட்ரோல் விற்பனை 2022-இலும் முடிந்தன.

ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2013-இல் மறைமலைநகரிலிருந்து வந்தது. ஓட்டுவதற்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தது அதுதான். வளைவுகளில் ஸ்டீயரிங் கை சொல்வதைக் கேட்கும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதாலும், கதவு பக்கவாட்டில் திறப்பதாலும், நெருக்கமான வீதியில் பின்னால் ஒரு வண்டி நின்றால் டிக்கியைத் திறக்க முடியாது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு இதன் விலை இறங்கியது. நல்ல மெக்கானிக் கைவசம் இருக்கும் நகரவாசிக்கு இது லாபமான வண்டி. பொள்ளாச்சியில் இருந்துகொண்டு, வாரம் இரண்டு முறை மலையேறும் எனக்கு, உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் ஒரு வாரம்கூட அதிகம்.

டாடா நெக்ஸான் 2017-இல் வந்தது. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் அதுதான். அந்த மதிப்பெண் அந்த மாதத்துக்குப் பிறகு தயாரானவற்றுக்கே பொருந்தும். அதே ஆண்டு ஆகஸ்டில் சோதிக்கப்பட்டபோது அது நான்கு நட்சத்திரம்தான் பெற்றிருந்தது. பாதுகாப்பை முதலில் வைப்பவர்கள் 2019-க்குப் பிந்தைய நெக்ஸானைத் தேடுவது நியாயம். எங்கள் தொகைக்குள் வந்த அந்த வயது நெக்ஸான்கள் எல்லாம் பெட்ரோலாகவே இருந்தன. ஹூண்டாய் கிரெட்டாவில் நல்லது எதுவும் எங்கள் விலைக்குள் இல்லை. விலைக்குள் வந்தவை நல்லதாக இல்லை. ஏழு இருக்கை வண்டிகளையும் பார்க்கலாமே என்று ஒரு பெரிய வண்டிக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். கதவைத் திறந்து பிடித்தபடி நின்றவர், "இதுல ஏறதுக்கு ஏணி வேணுமாட்ட இருக்குது சாமி" என்றார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. வீட்டில் முதியவர் இருந்தால், எந்த வண்டியையும் முடிவு செய்வதற்கு முன் அவரை இருக்கையில் உட்கார வைத்து இறங்கச் சொல்லிப் பாருங்கள். இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும்; அதற்குக் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் முழங்கால் வலிக்கும்.

பெட்ரோலா டீசலா என்பதை ஓட்டத்தை வைத்து மட்டுமே முடிவு செய்தேன். எங்கள் ஓட்டம் மாதம் 1,400 கிலோமீட்டர். மலைப்பாதையும் சேர்த்து டீசல் லிட்டருக்கு 18, பெட்ரோல் 13 கொடுக்கும் என்று வைத்து, நான் கணக்குப் போட்ட அன்றைய விலையில் பார்த்தால், டீசலில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதம் 600, 700 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு இந்த மிச்சம் பாதியாகிவிடும்; டீசல் எஞ்சினின் கூடுதல் பராமரிப்பு அதையும் தின்றுவிடும் என்பதால் அவர் பெட்ரோல் வாங்குவதே நல்லது. இன்னொன்று: 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதிகள் வந்த பிறகான டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. தினமும் பள்ளி, கடைவீதி என்று சிறு தூரம் மட்டுமே ஓடினால் அது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி வந்த, நாங்கள் பார்த்த டீசல்களில் அந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல் பக்கம் போகிறவர்கள், 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 எரிபொருளுக்கு ஏற்ற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள் 2023 ஏப்ரலிலிருந்துதான் எல்லாப் புதிய வண்டிகளிலும் வந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பழைய வண்டியின் எரிபொருள் குழாய்களையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்படித்தான் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசல் எங்கள் பட்டியலில் மேலே வந்தது. 2016 மார்ச்சில் அறிமுகமாகி, 2020 வரை டீசலில் மட்டுமே விற்றது. அதில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின்: 1,248 சிசி, 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதே எஞ்சின்தான் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடாவின் விஸ்டா, ஃபியட் புண்டோ என்று எத்தனையோ வண்டிகளில் ஓடியது. ஊர் ஊருக்கு டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் பழைய டிசையரைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த எந்தப் பட்டறைக்காரருக்கும் இது கைப்பழக்கமான எஞ்சின். டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால், எண்ணெயை நேரத்துக்கு மாற்றி வந்திருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. நேரத்துக்கு மாற்றாத வண்டியில் சங்கிலி நீளும். இரவு முழுக்க நின்ற எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நொடிகளுக்கு முன்பக்கத்திலிருந்து கலகலவென்று ஓர் ஓசை வந்தால் அதுதான் அறிகுறி. இந்த ஓசை எஞ்சின் சூடானதும் மறைந்துவிடும் என்பதால்தான், நான் எந்த வண்டியையும் காலை ஆறரை மணிக்கு, ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். போனதும் பானெட்டின் மேல் கை வைப்பேன். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவேன்.

கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில் பார்த்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் கடையின் பெயரும் வண்டியின் பெயரும் இங்கே தேவையில்லை. சென்னைப் பதிவு எண், மீட்டரில் 58 ஆயிரம் கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், மற்ற வண்டிகளைவிட 70 ஆயிரம் குறைவான விலை. உள்ளே மணம், இருக்கைக்குப் புதிய உறை, தரைக்குப் புதிய விரிப்பு. என் மனைவிக்கும் எனக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றே தோன்றியது. உடன் வந்த எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. ஓட்டுநர் பக்கத்துச் சீட்பெல்ட்டைப் பிடித்து மெதுவாக, முழு நீளமும் வெளியே வரும்வரை இழுத்தார். யாரும் பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. கடைசி ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை காய்ந்த வண்டல் நிறத்தில் இருந்தது; அதற்கு மேலே கோடு கிழித்தாற்போலக் கருமை. பிறகு ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு, அந்தக் குழியின் விளிம்பு மடிப்பில் விரலை ஓட்டினார். விரல் நுனியில் மாவு போன்ற சேறு ஒட்டியிருந்தது. முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளைக் காட்டினார், நான்கும் துருவேறியிருந்தன. டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தபோது ஒயர் கனெக்டர்களின் செம்பில் பச்சை பூத்திருந்தது. "மழையில கண்ணாடிய இறக்கி வச்சுட்டாங்க, வேற ஒண்ணுமில்லைங்க" என்றார் விற்பவர். மெக்கானிக் அண்ணன் என்னைத் தனியே அழைத்து, "இது வெள்ளத்துல நின்ன வண்டி தம்பி. இன்னிக்கு ஓடும், ஒரு வருசம் ஓடும். அப்புறம் ஒயரிங் ஒவ்வொண்ணா போகும்" என்றார்.

சென்னையை 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலோடு 2023 டிசம்பரிலும் வெள்ளம் மூழ்கடித்தது. நின்ற வண்டிகளில் கணிசமானவை சுத்தம் செய்யப்பட்டு வேறு மாவட்டங்களுக்கு வந்துவிடுகின்றன. வெள்ளத்தில் நின்றதா என்பதை வண்டியின் மேற்பூச்சு சொல்லாது. நீர் புகுந்து வெளியேறாத இடங்கள்தான் சொல்லும்: சீட்பெல்ட்டின் அடிப்பகுதி, ஹெட்லைட் கண்ணாடிக்குள் படிந்த கோடு, ஸ்டெப்னிக் குழி, இருக்கைக்கு அடியிலுள்ள ஒயர்கள். எட்டு வயது வண்டியில் தரை விரிப்பு மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். இந்த நான்கு இடங்களைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததற்கு மெக்கானிக் அண்ணன் வாங்கிக்கொண்டது வண்டிக்கு 1,500 ரூபாய். ஐந்து வண்டிகளுக்கு அவரை அழைத்துச் சென்றேன். இந்தத் தேடலில் மிகவும் பயனுள்ள செலவு அந்த 7,500 ரூபாய்தான்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நான் எந்த வண்டியிலும் அப்படியே நம்பவில்லை. மீட்டரைக் குறைப்பது எளிது. கிளட்ச் பெடலின் ரப்பரையும், ஸ்டீயரிங்கின் மேல்தோலையும், ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து இருக்கை ஓரத்தையும் ஏமாற்றுவது கடினம். 55 ஆயிரம் ஓடியதாகச் சொன்ன ஒரு வண்டியில் கிளட்ச் ரப்பரின் வரிகள் மழுங்கி மொழுமொழுவென்று இருந்தன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். வண்டியோடு வந்த டயர்களே இன்னும் இருக்கின்றன என்றால், பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து ஓட்டத்தை ஊகிக்கலாம். எல்லாவற்றையும்விட உறுதியானது, பதிவு எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் வாங்கும் பழைய சர்வீஸ் விவரம். உரிமையாளர் உடன் வந்தால்தான் பெரும்பாலும் தருவார்கள். உடன் வரத் தயங்குபவரிடம் நானும் பேச்சை வளர்க்கவில்லை.

விபத்தைக் கண்டுபிடிக்க இன்ஷூரன்ஸ் தாள் ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு விழுக்காடு இருக்கும். ஓராண்டு கிளெய்ம் இல்லாமல் ஓடினால் 20, பிறகு 25, 35, 45, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 50 என்று அது ஏறும். ஒருமுறை கிளெய்ம் செய்தால் சுழியத்துக்குத் திரும்பும். ஒருமுறைகூட அடிபடவில்லை என்று சொல்லப்படும் ஏழு வயது வண்டியின் பாலிசியில் சுழியம் இருந்தால், அண்மையில் ஏதோ நடந்திருக்க வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் இடையில் பாலிசி காலாவதியாகிக் கிடந்திருக்கலாம். இரண்டில் எது என்று கேட்டுத் தெளிவது வாங்குபவரின் உரிமை. அதன் பிறகுதான் ஏப்ரன் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்), பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), பானெட் கீல்களின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம், கதவு ஓரத்தில் பட்டி பார்த்த மேடு ஆகியவற்றைத் தேட வேண்டும். கதவில் பட்டி பார்த்திருப்பது சாதாரணம். ஏப்ரனிலோ பில்லரிலோ வெல்டிங் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

டெல்லிப் பதிவு டீசல் வண்டிகளும் இரண்டு வந்தன. அங்கே பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குத் தடை வந்த பிறகு அவை மலிவாகக் கிடைத்தன. அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே பதிவை மாற்றி, வண்டியின் வயதுக்கேற்ற வாழ்நாள் வரியையும் கட்டி முடித்தால் விலை வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடுகிறது. அலைச்சலையும் எண்ணிப் பார்த்து விட்டுவிட்டோம்.

கடைசியில் வாங்கியது உடுமலைக்கு அருகே ஒரு பணி ஓய்வு பெற்றவரிடமிருந்து: 2017 பிரெஸ்ஸா விடிஐ (ஓ), 92 ஆயிரம் கிலோமீட்டர், ஒரே உரிமையாளர். அந்த (ஓ) என்ற எழுத்து முக்கியம். 2018-க்கு முந்தைய கீழ்நிலை பிரெஸ்ஸாக்களில் ஓட்டுநருக்கு மட்டுமே ஏர்பேக் இருக்கும். (ஓ) வகையில் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டும் உண்டு. 2018-இல் குளோபல் என்கேப் சோதித்து நான்கு நட்சத்திரம் கொடுத்தது இரண்டு ஏர்பேக் உள்ள வண்டிக்கு. ஓட்டுநர் ஏர்பேக் இந்தியாவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான் என்பதால், அதற்கு முந்தைய எந்த வண்டியை வாங்கினாலும் ஏர்பேக் எத்தனை என்பதை வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். வாய்ச் சொல்லை ஏற்கக் கூடாது.

அந்தப் பெரியவர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். முதல் சர்வீஸ் முதல் அண்மையில் பேட்டரி மாற்றியது வரை பில்கள் தேதி வரிசையில் இருந்தன. பாலிசியில் போனஸ் 35 விழுக்காடு. அதாவது மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளெய்ம் இருக்க வேண்டும். நான் கேட்பதற்கு முன்பே அவர், "பின்னாடி இடது கதவு, பஸ் ஸ்டாண்டு முக்குல ஒரு ஆட்டோ இடிச்சதுங்க, அந்த பில்லும் இருக்குது பாருங்க" என்று எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் அண்ணன் விரல் முட்டியால் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தார். அந்த ஒரு கதவில் மட்டும் ஓசை மொத்தையாகக் கேட்டது. தாளும் தகரமும் ஒரே கதையைச் சொன்னபோதுதான் எனக்கு மனம் அமைதியானது.

ஸ்டார்ட் செய்தோம், சங்கிலி ஓசை இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தபோது புகை குப்பென்று வரவில்லை. மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டபோது எஞ்சின் உடனே நின்றது. கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தால் அப்படி நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். வண்டியை ரேம்ப்பில் ஏற்றியதில் முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்கள் (சக்கரத்தைத் தாங்கும் கைகளின் ரப்பர் மூட்டுகள்) இரண்டும் வெடித்திருப்பதும், முன் பிரேக் பேடுகள் முடியும் நிலையில் இருப்பதும் தெரிந்தன. இவை தேயும் பொருட்கள். குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, விலையில் கழிக்கலாம். 5,60,000 கேட்டவர் 5,25,000-க்கு ஒப்புக்கொண்டார்.

மீதமிருந்த 75 ஆயிரத்தை நாங்கள் தொடக்கத்திலேயே வண்டி விலைக்குள் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தோம். இதை நான் மிகவும் அழுத்தமாகச் சொல்வேன்: கையில் உள்ள மொத்தத்துக்கும் வண்டி வாங்கிவிட்டால், முதல் மூன்று மாதங்களில் வரும் செலவு தலைவலியாகிவிடும். எங்களுக்கு எண்ணெய், வடிகட்டிகள், கூலன்ட், பிரேக் பேடுகள், புஷ்கள், வீல் அலைன்மென்ட், முழு இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து, மெக்கானிக் அண்ணனுக்குக் கொடுத்தது போக 48 ஆயிரம் ஆனது. விற்றவரின் போனஸ் அவரோடு போய்விடும், வாங்கியவருக்குக் கிடைக்காது என்பதால் இன்ஷூரன்ஸ் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும்.

காகித வேலை சுருக்கமானது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாளச் சான்று. வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் இல்லாமல் ஆர்.சி.யில் உள்ள எச்.பி. (கடன் பதிவு) நீங்காது. நிலுவையில் அபராதம் உள்ளதா என்று பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். சாவியை வாங்கும்போது தேதியும் மணியும் குறித்த டெலிவரி நோட் ஒன்றை இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டோம். அந்த மணிக்கு முன் நடந்ததற்கு அவரும், பின் நடப்பதற்கு நானும் பொறுப்பு. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது விற்பவருக்குத்தான் பெரிய ஆபத்து என்றாலும், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகைக்கு அலைய வேண்டியவர் வாங்கியவரே. சட்டம் விற்பவருக்கு 14 நாள், வாங்குபவருக்கு 30 நாள் கொடுத்திருக்கிறது. நாங்கள் ஒரே வாரத்தில் முடித்துவிட்டோம்.

ஆறு மாத ஓட்டத்தில் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இதுதான். மலையில் இந்த எஞ்சினின் இயல்பைப் புரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ எழுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரிலேயே சுற்றிவிடலாம் என்று நினைத்தால் வண்டி திணறி, முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, சுற்றைக் கையில் வைத்துக்கொண்டு நுழைந்தால் சிரமமில்லாமல் ஏறுகிறது. இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 17.5 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஆய்வகச் சான்றில் இருக்கும் 24.3 மலைப்பாதையில் வராது. 198 மில்லிமீட்டர் தரை இடைவெளியில் எஸ்டேட் சாலை ஒருமுறைகூட அடித்தட்டைத் தொடவில்லை. 328 லிட்டர் டிக்கியில் ஒரு வாரத்துக்கான பை, காய்கறி மூட்டை, பிள்ளைகளின் சைக்கிள் ஒன்றை மடக்கி வைக்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. பின்னிருக்கையில் அம்மாவோடு இரண்டு பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம்; மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் தோள்கள் உரசும். பின்னால் தனி ஏசி துவாரம் இல்லாததால், மே மாத மதியத்தில் பின்னிருக்கை குளிர்வதற்குப் பத்து நிமிடம் பிடிக்கிறது. டீசல் எஞ்சினின் ஓசை உள்ளே கேட்கத்தான் செய்யும். அமைதியை விரும்புபவர்கள் பெட்ரோல் வண்டியையே பார்க்கட்டும்.

வீட்டில் ஆறு பேருக்கு மேல் இருந்தாலோ, நகருக்குள் மட்டுமே ஓட்டுவதாக இருந்தாலோ இந்த வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோலில் 1,200 சிசிக்கும் அல்லது டீசலில் 1,500 சிசிக்கும் உட்பட்ட புதிய கார்களின் ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. மூன்று, நான்கு வயதே ஆன பழைய வண்டியைப் பார்ப்பவர்கள், அதே வகைப் புதிய வண்டியின் இன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு போய்ப் பேச வேண்டும். பழைய வரி விலையை வைத்தே இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

அம்மா இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறி உட்காருகிறார். அடுத்து வரவிருக்கும் பெரிய செலவு டயர்: முன் இரண்டும் 2021-ஆம் ஆண்டுடையவை, பட்டன் இன்னும் இருந்தாலும் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு தெரியத் தொடங்கிவிட்டது. ஒதுக்கி வைத்ததில் மீதமுள்ள 19,500 ரூபாயில், அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன் 205/60 ஆர்16 அளவில் இரண்டு புதிய டயர்கள் போட்டுவிடுவோம்.